"அந்த காலேஜ் எத்தனாவது ரேங்க்?"

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எங்கள் தளவாய்புரத்தில் எல்லா வீட்டிலும் இதே கேள்விதான். நைட்டி தைக்கப் போகும் அம்மாவும் கேட்கிறார், மில்லுக்குப் போகும் அப்பாவும் கேட்கிறார். கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் அந்த ரேங்க் எதை அளக்கிறது? மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலுக்கு மதிப்பெண் போடும் முறையைக் கொஞ்சம் உட்கார்ந்து படித்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பட்டியல் நிறுவனத்தின் பலத்தை ஓரளவு காட்டுகிறது. அங்கே சேரும் பிள்ளைக்கு என்ன படிப்பு கிடைக்கும் என்பதை மிகக் குறைவாகத்தான் காட்டுகிறது.

இந்த முறை 2015-ல் அறிவிக்கப்பட்டு, முதல் பட்டியல் 2016-ல் வந்தது. பல்கலைக்கழகம், பொறியியல் பிரிவுகளில் மொத்தம் 100-ல் கற்பித்தலுக்கும் வளங்களுக்கும் 30, ஆராய்ச்சிக்கு 30, படித்து முடித்தவர்களின் நிலைக்கு 20, எல்லாத் தரப்பு மாணவர்களையும் சேர்ப்பதற்கு 10, கல்வியாளர்களும் வேலை கொடுப்பவர்களும் வைத்திருக்கும் அபிப்பிராயத்துக்கு 10. கலை அறிவியல் கல்லூரிகளுக்கு விகிதம் வேறு. அங்கே கற்பித்தலுக்கு 40. ஆக, கிருஷ்ணன்கோவில் கலசலிங்கத்தையும் ராஜபாளையம் ராஜூஸ் காலேஜையும் ரேங்க் வைத்து ஒப்பிடவே முடியாது. இரண்டும் வேறு வேறு பட்டியலுக்கு உரியவை.

சரி, 'கற்பித்தல்' என்ற தலைப்புக்குள் என்ன இருக்கிறது? எத்தனை மாணவர்கள், எத்தனை ஆசிரியர்கள், அவர்களில் எத்தனை பேர் பிஎச்.டி., எத்தனை வருட அனுபவம், எவ்வளவு செலவு. எல்லாம் எண்ணிக்கை. வகுப்பு ஒழுங்காக நடக்கிறதா, லேபில் மாணவன் கையால் செய்கிறானா, பக்கத்தில் நின்று ரெக்கார்டு மட்டும் எழுதுகிறானா என்பதற்கு அங்கே கட்டமே கிடையாது.

அந்த எண்ணிக்கைகளிலும் பெரும்பகுதி கல்லூரியே கொடுப்பது. தகவல்களின் நம்பகத்தன்மையைக் கேள்வி கேட்ட ஒரு பொதுநல வழக்கில், 2025 மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பட்டியலை வெளியிட இடைக்காலத் தடை போட்டது. தடை நீங்கி, பட்டியல் செப்டம்பரில் வெளியானது. பிழையோ மோசடியோ காரணமாகத் திரும்பப் பெறப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைப்பதும் அந்த ஆண்டில்தான் வந்தது.

என்னை அதிகம் உறுத்தியது 'எல்லாத் தரப்பு மாணவர்கள்' என்ற தலைப்பு. பல ஆண்டுகள் பின்பற்றிய கணக்கில், அதன் 100-ல் வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்களுக்கு 30; பொருளாதாரத்திலும் சமூகத்திலும் பின்தங்கிய மாணவர்களுக்கு 20. சேத்தூர், முகவூர், தளவாய்புரம் என்று சுற்றுவட்டாரத்து முதல் தலைமுறைப் பிள்ளைகளைச் சேர்த்துக் கரையேற்றும் கல்லூரி, தன் வேலையைச் செய்ததற்காகவே அந்த 30-ல் கீழே போகிறது.

"சம்பளத்தை வைத்தாவது கண்டுபிடிக்கலாமே?" என்று கேட்கலாம். சென்னை ஐ.ஐ.டி. 2016 முதல் ஒவ்வொரு வருடமும் பொறியியலில் முதலிடம். ஆனால் அங்கே போகிறவர்கள் ஜே.இ.இ.யில் வடிகட்டப்பட்டவர்கள். வெளியே வரும்போது கிடைக்கும் சம்பளத்தில் கல்லூரியின் பங்கு எவ்வளவு, உள்ளே போகும்போதே இருந்த திறமையின் பங்கு எவ்வளவு?

அமெரிக்காவில் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள் இதையே கேட்டார்கள். பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தும் வேறு கல்லூரிக்குப் போனவர்களையும் கணக்கில் எடுத்து ஒப்பிட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு பிற்காலச் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. விதிவிலக்கு யார் தெரியுமா? ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும், பெற்றோர் அதிகம் படிக்காத பிள்ளைகளும். அவர்களுக்குக் கல்லூரி வித்தியாசத்தை உண்டாக்கியது.

அமெரிக்க முடிவை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. ஆனால் காரணம் புரிகிறது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு மாமா, சித்தப்பா, கோச்சிங் என்று பல வழி. எங்கள் ஊர்ப் பிள்ளைக்குக் கல்லூரி ஒன்றுதான் வழி. எது நல்ல கல்லூரி என்று தெரிந்தே ஆகவேண்டியது அந்தப் பிள்ளைக்குத்தான். ஆனால் உள்ளே வந்தவரை எவ்வளவு தூரம் உயர்த்தினார்கள் என்பதை இந்தப் பட்டியல் அளப்பதே இல்லை.

அதற்காகப் பட்டியலைத் தூக்கிப் போட வேண்டாம். ரேங்கைவிட உபயோகமான ஒன்று அதன் பின்னால் இருக்கிறது. பங்கேற்கும் கல்லூரி, தான் கொடுத்த தகவலைத் தன் இணையதளத்தில் போட்டாக வேண்டும். அந்த பி.டி.எஃப்.பைத் திறந்து பாருங்கள். முதலாண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், குறித்த காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்பு, இடைநிலைச் சம்பளம் எவ்வளவு, எல்லாம் இருக்கும்.

ஒரு பேச்சுக்கு, 200 பேர் சேர்ந்து, 140 பேர் முடித்து, 40 பேருக்கு வேலை, இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 3 லட்சம் 200 பேருக்கானது அல்ல, 40 பேருக்கானது. அதிலும் பாதிப் பேர் அதற்குக் கீழே. போர்டில் '3 லட்சம்' மட்டும்தான் வரும். முடிக்காமல் போன 60 பேர் வரமாட்டார்கள்.

அதனால் அட்மிஷனுக்குப் போகும்போது ரேங்கைக் கேட்பதற்குப் பதில், "போன மூணு வருஷத்துல சேர்ந்தவங்கள்ல எத்தனை பேர் அரியர் இல்லாம முடிச்சாங்க?" என்று கேளுங்கள். முடிந்தால் நம்ம ஊரிலிருந்து அங்கே படிக்கும் ஒரு பிள்ளையையும் பிடித்து, லேபில் கை வைக்க விடுகிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.