சுமந்த தோள்கள்

திருவரங்கத்து வீதிகளில் உற்சவர் உலா வரும்போது பல்லக்கைச் சுமந்து செல்வோரைச் சீபாதந்தாங்கிகள் என்று அழைப்பார்கள். தோள் காய்த்துப்போன அந்த உழைப்பாளர் மீது நமக்குச் சினமில்லை. உள்ளே அமர்ந்திருப்பது யார், பல்லக்கு எங்கே போகிறது என்று கேட்பது அவர்கள் வேலையன்று, சுமப்பதே வேலை. ஆனால், ஏன், எதற்கு என்று கேட்கக் கற்றவர்கள் எனத் தலைநிமிர்ந்து நடந்த நாமும், அதே காவிரிக் கரையில், ஒரு வேட்பாளரை அடுத்தடுத்த இரு தேர்தல்களில் அப்படியே சுமந்தோம். அந்தத் தேர்தல் களத்தைத்தான் இங்கே எடைபோட விரும்புகிறோம்.

1998ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தல். திருவரங்கத்தையும் உள்ளடக்கிய திருச்சிராப்பள்ளித் தொகுதியில் பாரதிய ஜனதா கட்சியின் வேட்பாளராக நின்றவர் ரங்கராஜன் குமாரமங்கலம். சேலத்திலிருந்து காங்கிரசின் சார்பில் 1984, 1989, 1991 என மும்முறை நாடாளுமன்றம் சென்றவர். நரசிம்மராவ் அமைச்சரவையில் இணையமைச்சராக இருந்தவர். பிறகு கட்சி மாறி, தொகுதியும் மாறித் திருச்சிக்கு வந்தவர். அவரைத் தோளில் ஏற்றியது அண்ணா தி.மு.க. எதிர்த்து நின்றது தி.மு.க.வும் தமிழ் மாநில காங்கிரசும் கொண்ட அணி. குமாரமங்கலம் வென்றார், மத்தியில் மின்துறை அமைச்சரும் ஆனார்.

1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அமைச்சரவை ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்தது. கவிழ்த்த பக்கம் நின்றது அண்ணா தி.மு.க.; காக்க முயன்ற பக்கம் நின்றது தி.மு.க. அவ்வாண்டிலேயே மீண்டும் தேர்தல். அதே தொகுதி, அதே வேட்பாளர், அதே தாமரை. சுமந்த தோள் மட்டும் வேறு! இம்முறை பல்லக்கைத் தூக்கியது தி.மு.க.; மறித்து நின்றது அண்ணா தி.மு.க. அணி. வெற்றி மீண்டும் அவருக்கே.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! 1998இல் ஆபத்து என்று உரைத்தவர் 1999இல் அரண் என்றார். 1998இல் அரண் என்று உரைத்தவர் 1999இல் ஆபத்து என்றார். இரண்டு ஆண்டு நிறைவதற்குள் நடந்த மாற்றம் இது. மாறாதவர் ஒருவரே, அவர்தாம் வேட்பாளர். தம் கட்சியை அவர் மறைக்கவில்லை, கொடியை மாற்றவில்லை, அதே மேடையில் அதே சின்னத்தோடு நின்றார். குற்றம் சாட்ட வேண்டுமானால், பல்லக்கில் இருந்தவரை நோக்கியல்ல, பல்லக்கைத் தூக்கியவரை நோக்கியன்றோ விரல் நீள வேண்டும்?

காரணமே கூறப்படவில்லை என்று நாம் சொல்லவில்லை. 1998இல் மத்திய அரசைத் தாங்கிய அண்ணா தி.மு.க., தமிழகத்தில் தி.மு.க. அரசைக் கலைக்கக் கோரியது; அந்த வாளைத் தடுக்கக் கேடயம் வேண்டியிருந்தது என்பது ஒரு வாதம். அயோத்திக் கோயில், 370ஆம் பிரிவு, பொதுக் குடிமைச் சட்டம் ஆகிய மூன்றும் கூட்டணியின் செயல்திட்டத்தில் இல்லை என்பது மற்றொரு வாதம். முதல் வாதத்தில் உண்மை உண்டு. மாநில ஆட்சிகள் கலைக்கப்பட்ட கொடுமையை 1976இலும் 1991இலும் கண்ட இயக்கம் தன்னைக் காத்துக்கொள்ள நினைத்தது இயல்பே. ஆனால் இரண்டாவது வாதம்? ஒத்திவைக்கப்பட்டது வேறு, கைவிடப்பட்டது வேறு. 2019இல் காஷ்மீரின் சிறப்பு நிலை நீக்கப்பட்டது. 2024 சனவரியில் அயோத்திக் கோயில் திறக்கப்பட்டது. அன்று ஒத்திவைப்பைக் கைவிடுதல் என்று நம்பி, நம்பியதை மக்களுக்கும் சொன்னவர்கள் இன்று என்ன விடை கூறுவார்கள்?

இங்கே ஒரு தவறான வாதத்தையும் விலக்கிவிடுவோம். குமாரமங்கலத்தின் பாட்டனார் டாக்டர் சுப்பராயன். அவர் முதலமைச்சராக இருந்த காலத்தில்தான், 1928இல், முத்தையா முதலியாரின் வகுப்புரிமை ஆணை பிறந்தது. தந்தை மோகன் குமாரமங்கலமும் அத்தை பார்வதி கிருஷ்ணனும் பொதுவுடைமை இயக்கத்தில் புகழ் பெற்றவர்கள். ‘அந்தக் குடும்பத்திலா இப்படி!’ என்று அங்கலாய்ப்பார் உண்டு. பிறப்பால் பெருமையில்லை என்று சொல்லும் நாம், பிறப்பால் பழியுண்டு என்று சொல்லலாமா? பாட்டன் பெயரால் வாக்குக் கேட்பது எவ்வளவு பிழையோ, பாட்டன் பெயரால் பேரனைத் தூற்றுவதும் அவ்வளவே பிழை. 2000 ஆகஸ்டில், ஐம்பது வயதை எட்டுமுன்னரே மறைந்தவர் அவர். அவரது கொள்கையை எதிர்ப்போம். குலத்தை இழுக்க மாட்டோம்.

திருச்சிக்கு இந்தத் தோள் மாற்றம் புதிதா? இல்லை. பொதுவுடைமைக் கட்சியின் எம். கலியாணசுந்தரம் இதே நகரின் தொழிற்சங்க இயக்கத்தில் வளர்ந்தவர். 1952இலும் 1957இலும் இந்நகரத்து வாக்காளர் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினர். 1971இல் தி.மு.க. கூட்டணியில் நின்று நாடாளுமன்றம் சென்றார். 1977இல் அண்ணா தி.மு.க. கூட்டணியில் நின்று மீண்டும் சென்றார். அவரையும் இரு தோள்கள் சுமந்தன. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. அணி மாறுமுன், 1972இல், எம்.ஜி.ஆரோடு சேர்ந்து தி.மு.க. ஆட்சியின் மீது குற்றப் பட்டியலை எழுத்தில் வடித்து நாடறிய நீட்டினார். அந்தப் பட்டியலை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். ஏன் மாறினேன் என்பதற்கு எழுத்தில் ஒரு விடை இருந்தது.

அதற்காக அவரையும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவர் ஆக்கிவிட மாட்டோம். நெருக்கடி நிலையை ஆதரித்த கட்சி அவருடையது. நெருக்கடி நிலையைக் கொண்டுவந்த காங்கிரசும் 1977இல் அவர் அணியில்தான் இருந்தது. அந்த ஆதரவு தவறு என்று அவருடைய கட்சி பின்னர் தானே ஒப்புக்கொண்டது. தேர்தலுக்கு முன் வர வேண்டிய ஒப்புதல் தேர்தலுக்குப் பின் வந்தது! வாக்காளனுக்கு அதனால் என்ன பயன்?

இந்த நகரம் வேறொரு வழியையும் கண்டிருக்கிறது. 1956 மே 17 முதல் 20 வரை நடந்த திருச்சி மாநாட்டில், தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்ற வினா எழுந்தது. தலைவர்கள் தங்களுக்குள் முடித்துக்கொள்ளவில்லை. கருப்பும் சிவப்புமாக இரு பெட்டிகளை வைத்து, வந்தவர்களையே கேட்டார்கள். நிற்கலாம் என்றோர் 56,942 பேர். வேண்டாம் என்றோர் 4,203 பேர். தேர்தலில் நிற்கலாமா என்பதற்கே தொண்டனைக் கேட்ட இயக்கம், யாரோடு சேர்ந்து நிற்பது என்பதற்கு ஏன் கேட்கவில்லை? முதல் வினாவை விடச் சிறியதா இரண்டாவது?

வாக்காளன் விவரமறியாதவன் என்று தப்பித்துக்கொள்ள முடியாது. குமாரமங்கலம் மறைந்தபின் 2001இல் நடந்த இடைத்தேர்தலில், அண்ணா தி.மு.க. நிறுத்திய தலித் எழில்மலையை இதே திருச்சி வெற்றி பெறச் செய்தது. தனித் தொகுதியன்று, பொதுத் தொகுதி! சாதி வேலியைத் தாண்ட வாக்காளன் அணியமாக இருந்தான். தாண்டச் சொல்லும் துணிவுதான் பெரும்பாலான கட்சிகளிடம் இல்லை. சொன்னால் கேட்கிறான் என்பது தெரிந்த பிறகு, எதைச் சொல்கிறோம் என்பதில் பொறுப்பு இரட்டிப்பாக வேண்டாமா?

2006 டிசம்பரில், திருவரங்கத்தில் திறப்பு விழாவுக்குக் காத்திருந்த பெரியார் சிலை சிதைக்கப்பட்டது. நாடெங்கும் கொதித்தெழுந்தோம். கொதித்தது சரியே. ஆனால் அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், அதே ஊரின் வாக்குகளைத் திரட்டித் தாமரைக்குக் கொடுத்தபோது நம்மில் எத்தனை பேர் கொதித்தோம்? உடைந்த சிலையை ஒரு வாரத்தில் எழுப்பிவிடலாம். உடைந்த நம்பிக்கையை?

இளைஞர்களே! கூட்டணி கூடாது என்று நாம் சொல்லவில்லை. தனித்து நின்று தோற்பதே தூய்மை என்றும் சொல்லவில்லை. இனி எந்தக் கட்சி வாக்குக் கேட்டு வந்தாலும், அது நம் கட்சியே ஆனாலும், மூன்று வினாக்களைக் கேளுங்கள். இந்த வேட்பாளரின் கட்சியைப் பற்றிச் சென்ற தேர்தலில் என்ன பேசினீர்கள்? அதற்குப் பின் மாறியது எது, அவர்கள் கொள்கையா, உங்கள் தேவையா? அந்த விடையை எழுத்தில் தருவீர்களா?

விடை கிடைத்தால் தோள் கொடுங்கள். கிடைக்காவிட்டால் பல்லக்கைத் தரையில் வையுங்கள்.