கன்னத்தில் கை வைத்தால் கணக்கு முடியுமா?

சித்தூரிலும் திருப்பதியிலும் இருக்கிற நமக்குக் கப்பல் கட்டும் கதை எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் ஆற்றங்கரையில் வால்சென்ட் என்றொரு ஊர். அங்கிருந்த ஸ்வான் ஹன்ட்டர் கப்பல் தளம் 1906ல் 'மௌரிடேனியா'வை நீரில் இறக்கியது. 1912ல் 'டைட்டானிக்' மூழ்கியபோது பிழைத்தவர்களை ஏற்றி வந்த 'கார்பேத்தியா'வும் இந்த நிறுவனம் கட்டியதே. அந்த ஊரிலே வளர்ந்த பாடகர் ஸ்டிங், கப்பல் தளத்து நினைவுகளை வைத்து 'தி லாஸ்ட் ஷிப்' என்ற பாட்டுத் தொகுப்பை 2013லும், அதே பெயரில் ஒரு இசை நாடகத்தை 2014ல் நியூயார்க்கிலும் தந்தார். தளம் மூடப்படுகிறது. தொழிலாளிகள் உள்ளே புகுந்து, தாங்களே கடைசியாக ஒரு கப்பலைக் கட்டிக் கடலில் விடுகிறார்கள். இதுதான் கதை.

சும்மா சொல்லக் கூடாது, இந்தக் கற்பனைக்குள் உண்மை இருக்கிறது. தொழிலாளிக்குக் கப்பல் என்பது முதலாளியின் சொத்து அல்ல, தன் கை செய்த பொருள். 1971ல் ஸ்காட்லாந்தின் கிளைட் ஆற்றங்கரைத் தளங்களை மூட வந்தபோது, ஜிம்மி ரீட் முதலானோர் வேலைநிறுத்தம் செய்யவில்லை. வேலையை விடாமல் செய்தே போராடினார்கள். 1972ல் அரசாங்கம் இறங்கி வந்து பணம் கொடுத்தது.

ஆனால் ஸ்வான் ஹன்ட்டரில் நடந்தது வேறு. அங்கே கடைசியாகக் கட்டிய 'லைம் பே' என்ற கப்பல், வேலை முடியாமலே 2006 ஜூலையில் கிளைட் தளத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டது. அரைகுறையாய்ப் போன கப்பலை நாடகம் முழுசாக்கி அனுப்புகிறது. துக்கத்துக்கு இது ஆறுதல்தான், வரலாறு ஆகாது.

நான் வியாபாரி. இழப்பை மட்டும் எழுதி வரவை எழுதாத பேரேட்டை ஒப்புக்கொள்ள மாட்டேன். பிரிட்டிஷ் தளங்கள் செழித்த காலத்தில் அவற்றுக்கு வேலை எங்கிருந்து வந்தது? காலனிக் கடல்வழிகளும் ஒரு காரணம். 'மௌரிடேனியா' இறங்கிய அதே 1906ல்தான் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து நசுக்கப் பார்த்தது. 1908ல் அவர் சிறைக்குப் போனார். சோலாப்பூர்ச் சமணரான வால்சந்த் ஹீராசந்த், கல்கத்தாவில் இடம் கிடைக்காமல் விசாகப்பட்டினத்துக்கு வந்தார். 1941ல் ராஜேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார். 1948 மார்ச் 14ல் நேரு 'ஜல உஷா'வைக் கடலில் இறக்கி வைத்தார். இந்த வரவுப் பக்கம் அந்த நாடகத்தில் இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. 2007ல் ஸ்வான் ஹன்ட்டரின் கிரேன்களையும் மிதவைத் துறையையும் வாங்கியது யார்? நம் இந்தியாவின் பாரதி ஷிப்யார்டு! நாடகம் காட்டும் காலம் இதற்கு முந்தியது. ஆகவே இதைச் சொல்லாதது குற்றமில்லை. ஆனால் நாம் சொல்ல வேண்டாமா? அங்கே போன வேலை இங்கே வந்ததென்று மகிழவும் முடியவில்லை. கடனில் மூழ்கிய அந்தக் கம்பெனியைக் கலைக்க 2019ல் உத்தரவாயிற்று. வால்சென்ட்காரன் அழுததற்குப் பாட்டு இருக்கிறது. நம் ஊர்த் தொழிலாளி அழுததற்கு என்ன இருக்கிறது?

ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் உண்மை முழுசாகாது என்பது அநேகாந்தம். ஸ்டிங்கின் நாடகம் பொய் என்று நான் சொல்லவில்லை. அது ஒரு பக்கம், அவ்வளவுதான். மற்ற பக்கங்களை எழுத வேண்டியவர்கள் நாம்.

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். வால்சந்த் தொடங்கிய தளம் ஹிந்துஸ்தான் ஷிப்யார்டு என்ற பெயரில் இன்றும் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. அங்கே இரும்புத் தகடு வளைத்து, பற்றவைத்து ஓய்வு பெற்றவர், தமிழரோ தெலுங்கரோ, உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சொல்வதை எழுதி வையுங்கள். கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள். அந்தக் கையில் பேனாவை எடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.