அடிநாதம் நடந்து வரும் வழி

இன்னிசைக் கச்சேரி ஏழு மணிக்கு என்றால் நான் நான்கு மணிக்கே பந்தலுக்குள் போய் உட்கார்ந்துவிடுவேன். வயர் விரிக்கும் நேரம் அது. டிரம்ஸைச் சுற்றி மைக் நிறுத்துவார்கள். கீபோர்டு ஸ்டாண்டுக்கு ஒரு கால் உயரம் பத்தாமல் அட்டை மடித்து வைப்பார்கள். தபலாக்காரர் சுத்தியலால் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பார். பின்வரிசையில் பாஸ் கிட்டார்க்காரர் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, வயரின் ஜாக்கைக் கையில் பிடித்தபடி காத்திருப்பார். அந்த ஜாக்கை எதில் சொருகுகிறார்கள் என்று பார்க்கத்தான் நான் அவ்வளவு முன்னதாகப் போவது. அன்றைக்குக் காதுக்கு விருந்தா இல்லையா என்பது பாதிக்கு மேல் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

பாஸைக் காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் நமக்கு இளையராஜாவால் வந்தது. அவர் பாடல்களில் பாஸ் தாளத்துக்குத் துணையாக மட்டும் போவதில்லை. பாடகருக்கு அடியில் தனியாக ஒரு பாட்டு பாடிக்கொண்டே போகும். சசிதரனின் விரல்கள் வாசித்த அந்த வரிகளை முணுமுணுக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. பிறகு ஏ.ஆர். ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் அதே ஆசையை வேறு விதமாக வளர்த்தார். வீட்டில் இப்படிக் கேட்டுப் பழகிய காதோடு கச்சேரிக்குப் போனால், பல மேடைகளில் அதே வரி ‘கும்’மென்று ஒரு மூட்டமாக வந்து நெஞ்சில் இடிக்கிறது. எந்த ஸ்வரம் என்றே பிரியாது. வாசித்தவர் சரியில்லை என்று எழுந்து போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மேடைக்கு அருகே போய் அவர் விரலைப் பார்த்தால் ஒரு குறையும் இருக்காது. விரல் சொன்னது வழியில் எங்கோ தொலைந்திருக்கும்.

எங்கே தொலைகிறது என்று பார்க்கப் பிக்கப்பிலிருந்து தொடங்க வேண்டும். பாஸின் கம்பிகளுக்கு அடியில், காந்தத்தைச் சுற்றி, தலைமுடியைவிடச் சன்னமான செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். கம்பி அதிரும்போது அதில் பிறக்கும் மின்சாரம் சொற்பம். ஊற்று சன்னமாக இருக்கும் கிணறு மாதிரி. வாளி விட்டு நிதானமாக இறைத்தால் தெளிந்த நீர் வரும். ஐந்து குதிரைத்திறன் மோட்டாரை இறக்கினால் சேறும் சகதியும்தான் வரும். மிக்ஸரின் மைக் இன்புட் அப்படிப்பட்ட மோட்டார். அதன் மின்தடை சுமார் 2,000 ஓம். லைன் இன்புட் என்றால் பெரும்பாலும் 10,000 ஓம் பக்கம். தடை குறையக் குறைய இழுப்பு கூடும். பிக்கப்போ 10 லட்சம் ஓம் அளவுக்குத் தடை உள்ள ஓர் இடத்தில் இறங்கினால்தான் முழுசாகப் பேசும்.

இழுப்பு கூடினால் முதலில் போவது மேல் ஒலிகள். விரல் நுனி கம்பியை விட்டுப் பிரியும்போது வரும் அந்த ‘டக்’, கம்பி ஃப்ரெட்டில் லேசாக உரசும் சீற்றம், ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு விரல் வழுக்கும் ஓசை. பாஸின் முகம் இதெல்லாம்தான். முகம் போனபின் மிஞ்சுவது உடம்பின் கனம். அதைச் சரிசெய்கிறேன் என்று மிக்ஸரில் டிரெபிளைத் திருகினால் இரைச்சல்தான் கூடும். வாசலிலேயே விட்டுவிட்டு வந்ததை உள்ளே தேடி என்ன பயன்?

இதற்கான மருந்து உள்ளங்கை அளவு இரும்புப் பெட்டி ஒன்று. டி.ஐ. பாக்ஸ் என்பார்கள், டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்பதன் சுருக்கம். அதில் சில வகைகளுக்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் இருக்கும், கரண்டே வேண்டாம். சில வகைகளுக்குள் சின்ன சர்க்யூட் இருக்கும். மிக்ஸரிலிருந்து மைக் வயர் வழியாகவே வரும் 48 வோல்ட்டில் அது ஓடும். சாதாரண பாஸுக்கு இந்த இரண்டாவது வகையே எனக்குப் பிடிக்கும், இழுப்பு அவ்வளவு குறைவு. 9 வோல்ட் பேட்டரி போட்ட ஆக்டிவ் பாஸ் என்றால் கிட்டாருக்குள்ளேயே பலம் இருக்கிறது, டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியே போதும்.

பெட்டியிலிருந்து வெளியே போவது மூன்று பின் உள்ள எக்ஸ்.எல்.ஆர் வயர். அதன் வேலை அழகானது. ஒரே ஒலியை இரண்டு கம்பிகளில் அனுப்புகிறது, ஒன்றில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும். மேடையிலிருந்து மிக்ஸர் இருக்கும் இடம் நூறு, நூற்றைம்பது அடி. வழியில் சீரியல் லைட்டு, ஜெனரேட்டர் வயர், மின்விசிறி என்று எத்தனையோ இரைச்சல் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். ஒட்டினால் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரிதான் ஒட்டும். மிக்ஸர் தலைகீழாக வந்ததை நேராக்கிச் சேர்க்கும்போது பாட்டு இரட்டிக்கிறது, இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகிறது. சாதாரண கிட்டார் வயரை இருபது அடிக்கு மேல் இழுக்கத் தயங்குகிற நாம், இதை நூற்றைம்பது அடிக்குக் கவலையில்லாமல் விரிக்கலாம்.

நேராகச் சொருகினால் பாஸின் உயிர் எப்படி வரும் என்பதற்கு என் அளவுகோல் டெட்ராய்ட் நகரின் வெஸ்ட் கிராண்ட் பூலவார்டில் இருக்கும் 2648 எண் வீடு. மோட்டவுன் நிறுவனத்தின் ஸ்டுடியோ அங்கேதான் இருந்தது. கூரையிலிருந்து வயர்கள் தொங்கியதால் அந்த அறைக்குப் பாம்புக்குழி என்று பெயர். அங்கே ஜேம்ஸ் ஜேமர்சன் 1962-ஆம் வருட ஃபெண்டர் பிரிசிஷன் பாஸில், வழவழப்பான கம்பி போட்டு, பிரிட்ஜ் மூடிக்கு அடியில் நுரைப்பஞ்சு வைத்து, வலதுகை ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும் வாசித்தார். அவருடைய பாஸ், ஆம்ப் முன்னால் மைக் வைக்காமல், நேராகக் கன்சோலுக்குப் போனது. அந்தப் பதிவுகளில் ஒவ்வொரு ஸ்வரமும் எங்கே தொடங்குகிறது, எங்கே விரல் அதை அமுக்குகிறது என்பது அறுபது வருடம் கழித்தும் தெளிவாகக் கேட்கிறது. லண்டனில் 1967-இல் பால் மெக்கார்ட்னியின் பாஸுக்கும் அபே ரோடு ஸ்டுடியோவின் கென் டவுன்சென்ட் இப்படி ஒரு பெட்டி செய்து கொடுத்தார். அந்த வழிதான் இன்று நம் ஊர்ப் பந்தல் வரை நீண்டிருக்கிறது.

ஆம்பின் முன்னால் மைக் வைத்தால்தான் காற்றின் சுவை வரும் என்பவர்கள் உண்டு. ராக் இசைக்கு அது சரி. நம் மெல்லிசைக்கு, விரலை அப்படியே கொண்டுவரும் டி.ஐ.தான் என் கட்சி.

காரைக்குடிப் பக்கம் ஒரு திருவிழாவில் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. சவுண்ட் செக்கில் பாஸை ஏற்றியதுமே ‘ம்ம்ம்’ என்று ஹம். மேடையில் ஆம்ப் ஒரு பாயிண்டில், மிக்ஸர் வேறு பாயிண்டில். இரண்டு எர்த்துக்கும் நடுவே வயர் ஒரு வட்டம் போட்டுவிட்டது. நம் கரண்டின் துடிப்பு 50 ஹெர்ட்ஸ். பாஸின் தடித்த கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் வரும் ஸ்வரம் 49 ஹெர்ட்ஸ். வாசிப்பவர் அந்த ஸ்வரத்துக்கு வரும்போதெல்லாம் ஹம்மோடு அது உரசி, நொடிக்கு ஒருமுறை ‘வோ... வோ...’ என்று அலை எழுந்தது. சுருதி விலகிய தம்புராவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாடச் சொன்ன கொடுமை அது.

சவுண்ட்காரருக்கு உதவியாக நின்ற பையன் ஆம்பின் பிளக்கைக் கையில் எடுத்துவிட்டான். “அண்ணே, எர்த்தைக் கழட்டி விட்டுரவா?”

“பிளக்குல கை வைக்காதப்பா. கம்பில கை இருக்கும்போது வாசிக்கிறவரு உதடு மைக்குல பட்டுச்சுன்னா என்ன ஆகும்? டி.ஐ.ல சின்ன ஸ்விட்ச் இருக்கு பாரு, கிரவுண்ட் லிஃப்ட்டு. அதத் தள்ளு.”

தள்ளினான். ஹம் நின்றது. அந்த மௌனத்தின் கறுப்பு எனக்கு ஒரு ராக ஆலாபனைக்கு முந்தைய மௌனம்போல இருந்தது.

அந்த அண்ணன் வேலை செய்த வரிசையையும் பார்த்தேன். சேனலை மியூட்டில் வைத்த பிறகுதான் ஜாக்கைச் சொருகச் சொன்னார். திறந்து வைத்துச் சொருகினால் எழும் ‘டொப்’ ஸ்பீக்கரின் கூம்பையே கிழித்துவிடக்கூடும். 48 வோல்ட்டைப் போட்டுவிட்டுச் சில நொடி காத்தார். கெயினை அடியில் வைத்து, “தம்பி, நல்லா இழுத்து அடிங்க” என்று உச்சத்தைக் கேட்டு, சிவப்பு விளக்கு எரியாத இடத்தில் நிறுத்தினார். பிறகு நான்கு கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து வாசிக்கச் சொன்னார். அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே மேடைப் பலகையின் அதிர்வைத் தவிர இசை எதுவும் இல்லை என்பதால் அங்கே வெட்டினார். கிக் டிரம் இடிக்கும் இடத்தில் பாஸைக் கொஞ்சம் தாழ்த்தி வழிவிட்டார். அப்புறம் பெரிய பாக்ஸ்களை விட்டுவிட்டு, பந்தலின் ஓரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கருக்கு அடியில் போய் நின்று கேட்டார். அதில் அடி ஒலி வரவே வராது. ஆனால் மேல் ஒலிகள் சரியாக வந்து சேர்ந்தால், இல்லாத அடியைக் காது தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். கடைசி வரிசைப் பாட்டிக்கும் பாஸ் கேட்கிறதா என்று பார்க்க அவருக்கு அதுவே வழி.

திரும்பி வந்து ஃபேடரில் விரல் வைத்தார். “வாசிங்க தம்பி.” பாஸ்காரர் மெதுவாக ஒரே ஒரு ஸ்வரம் வாசித்தார். முதலில் விரலின் சதை கேட்டது, அதற்குப் பின்னால் ஸ்வரம் எழுந்து, பந்தலின் கீற்று வரை போய், அவர் கை அமுக்கியதும் நின்றது. சோறு வடித்துக்கொண்டிருந்த பக்கத்திலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். அண்ணன் தலையை ஆட்டிவிட்டு அடுத்த சேனலுக்குப் போனார்.