குழந்தை மன்னனும் குடியாட்சியும்

சிறுவர்க்கென எழுதப்படும் கதைகளில் அரசர்களுக்குக் குறைவில்லை. நல்லரசன் நீதி வழங்குகின்றான், கொடுங்கோலன் வீழ்கின்றான், குடிமக்கள் மகிழ்கின்றனர். இக்கதைகள் அறத்தைப் புகட்டுகின்றன என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஆட்சியைப் பற்றி இளம் உள்ளத்தில் இவை எவ்வெண்ணத்தை விதைக்கின்றன? நீதி மேலிருந்து அருளப்படுவது. நல்லவன் ஒருவன் அரியணை ஏறும்வரை அதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பதையே இவற்றுட் பல உணர்த்துகின்றன. வாக்குரிமை பெற்று வாழப்போகும் குழந்தைக்கு இது போதுமா?

இவ்வினாவை நேர்நின்று எழுப்பும் சிறுவர் நூல் ஒன்று 1923ஆம் ஆண்டில் போலந்து நாட்டில் வெளிவந்தது. 'மன்னன் முதலாம் மாச்சியூஸ்' என்பது அதன் பெயர். அதனை இயற்றியவர் யானுஸ் கோர்ச்சாக். ஹென்றிக் கோல்ட்சுமிட் என்பது அவருடைய இயற்பெயர், மருத்துவர். வார்சா நகரில் 1912ஆம் ஆண்டு திறக்கப்பட்ட யூத அநாதைக் குழந்தைகளின் இல்லத்திற்குத் தலைமை தாங்கியவர்.

தந்தை இறந்தமையால் இளஞ்சிறுவன் மாச்சியூஸ் முடிசூடுகின்றான். ஆட்சி முழுவதும் அமைச்சர் கையில் இருக்கிறது. மன்னனுக்கு எஞ்சியது கையொப்பமிடும் வேலையே. அவன் மாறுவேடத்தில் போர்க்களம் சென்று மக்களின் துன்பத்தை நேரிற் காண்கின்றான். திரும்பி வந்தபின் சீர்திருத்தம் செய்ய முனைகின்றான். முதலில் அவனுக்குத் தோன்றுவது நாட்டின் குழந்தைகள் அனைவருக்கும் சாக்லேட்டு வழங்குவது! பின்னர் அவன் எண்ணம் வளர்கின்றது. பெரியோர்க்கு ஒரு நாடாளுமன்றமும் சிறுவர்க்கு ஒரு நாடாளுமன்றமும் அமைக்கின்றான்.

இங்கே வழக்கமான சிறுவர் கதையாயின், 'யாவரும் இனிது வாழ்ந்தனர்' என்று முடிந்திருக்கும். கோர்ச்சாக் அவ்வாறு முடிக்கவில்லை. பெரியோர் பள்ளிக்குச் செல்க, சிறுவர் பெரியோரின் வேலைகளைப் பார்க்க என்று சிறுவர் மன்றம் முடிவு செய்கின்றது. நாட்டின் தொழில்கள் சீர்குலைகின்றன. மன்னனின் நம்பிக்கையைப் பெற்ற பத்திரிகையாளன் ஒருவன் பகைநாட்டு ஒற்றனாக இருக்கின்றான். பகைவர் படையெடுக்கின்றனர். மாச்சியூஸ் சிறைப்பட்டு மரண தண்டனை பெறுகின்றான். கடைசி நேரத்தில் அது மாற்றப்பட, ஆளில்லாத் தீவுக்குக் கடத்தப்படுகின்றான்.

சிறுவர் ஆட்சிக்குத் தகுதியற்றவர் என்பது இந்நூலின் கருத்தன்று. வாக்களித்து அறியாதவர், ஒருவர் பேச மற்றவர் கேட்கும் பழக்கம் இல்லாதவர், திடீரெனப் பெற்ற அதிகாரத்தை எங்ஙனம் கையாள்வர் என்பதே அது காட்டும் உண்மை. நல்லெண்ணம் படைத்த மன்னனால் மன்றத்தைக் கட்டித் தர முடியும். அதில் அமர்வோர்க்கு வேண்டிய பழக்கத்தை ஆணையிட்டுத் தர முடியாது. இதனைக் குழந்தைக்கு விளங்கும்படி, அறிவுரையாகக் கூறாமல் தோல்வியாகவே காட்டியது நூலின் தனிச்சிறப்பாகும்.

நூலுக்குக் குறையும் உண்டு. மாச்சியூஸ் ஆப்பிரிக்காவுக்குச் செல்லும் பகுதியில் அம்மக்களை மனிதரைத் தின்பவராக ஆசிரியர் சித்திரிக்கின்றார். அந்நாட்டு அரசகுமாரி குளுக்குளுவை அறிவும் துணிவும் மிக்கவளாகப் படைத்திருப்பினும், அக்கால ஐரோப்பியரின் இழிவான கற்பனை அங்கே நிற்கவே செய்கின்றது. நீதியைப் பேசும் நூலே ஓர் இனத்திற்கு நீதி செய்யத் தவறியது. இதனை மறைத்துவிட்டு மாணவர்க்குக் கூறுவது முறையன்று. அவர்களையே கண்டுபிடிக்கச் செய்வது நற்பாடமாகும்.

கதையில் தோற்றதை வாழ்க்கையில் வெல்ல முடியுமா? கோர்ச்சாக்கின் இல்லமே அதற்கு விடை. அங்குச் சிறுவர் நீதிமன்றம் ஒன்று இயங்கியது. அவ்வாரத்தில் தம்மீது வழக்கில்லாத சிறுவருள் ஐவர் சீட்டுக் குலுக்கி நீதிபதிகளாகத் தெரிந்தெடுக்கப்பட்டனர். சட்டத் தொகுப்பின் முதல் 99 பிரிவுகளும் வழக்கைக் கைவிடுவதற்கும் மன்னிப்பதற்குமே வகுக்கப்பட்டவை. அதன்பின் நூறு நூறாக ஏறும் பிரிவுகளில் ஆயிரமாவது, இல்லத்தினின்று நீக்குவது. ஆசிரியரும் இம்மன்றத்திற்கு உட்பட்டவரே. கோர்ச்சாக் ஒரு சிறுவனின் காதில் அறைந்ததற்காகவும், ஒரு சிறுமியைத் திருடியென ஐயுற்றதற்காகவும் தம்மீது தாமே வழக்குத் தொடுத்தார். அரையாண்டில் இவ்வாறு ஐந்து முறை குழந்தைகளின் முன் நின்றார்.

இந்நிலையில் மனுநீதிச் சோழன் கதை நினைவுக்கு வருவது இயல்பு. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைக்கின்றது. மன்னன் தன் மகனென்றும் பாராது தேர்க்காலில் இடுகின்றான். ஆள்வோனும் சட்டத்திற்கு உட்பட்டவன் என்னும் உயர்ந்த உண்மை அதிலும் உண்டு. ஆனால் அங்கே வழக்கை ஆராய்பவனும் தீர்ப்பளிப்பவனும் நிறைவேற்றுபவனும் மன்னன் ஒருவனே. பெரியபுராணத்தில் இறைவன் தோன்றிக் கன்றையும் மைந்தனையும் எழுப்புவதால் கதை கேட்கும் குழந்தையின் நெஞ்சும் ஆறிவிடுகின்றது. மாச்சியூஸ் கதையில் எவரும் தோன்றி எதனையும் சரிசெய்வதில்லை. கேட்கும் குழந்தையின் நெஞ்சில் 'எங்கே பிழை நேர்ந்தது?' என்னும் வினாவே எஞ்சுகின்றது.

இவ்விரண்டில் ஒன்றைக் கொண்டு மற்றதைத் தள்ள வேண்டுவதில்லை. மனுநீதிச் சோழன் கதையைச் சொல்லும் ஆசிரியர், 'மன்னன் மணியைக் கேளாதிருந்தால் பசு என்ன செய்திருக்கும்? அறியாது செய்த பிழைக்கு இத்தண்டனை தகுமா?' என்று வினவினால் போதும். பழங்கதையும் குடியாட்சிப் பாடமாகிவிடும். ஆனால் வகுப்புத் தலைவனைத் தாமே நியமித்துவிட்டு, மாணவர் எழுப்பும் மறுப்பை அடங்காமை என்று அடக்கும் வகுப்பறையில் எந்தக் கதையும் பயன் தராது. நூல் கூறுவதைவிட வகுப்பறை கூறுவதைத்தான் குழந்தை நம்பும்.

1942ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நாசிகள் அவ்வில்லத்துக் குழந்தைகளை டிரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டு சென்றனர். கோர்ச்சாக் அவர்களை விட்டுப் பிரியாமல் உடன் சென்று உயிர்நீத்தார். நீதி அறவே அழிந்திருந்த நாளிலும், குழந்தைக்குக் கூறிய சொல்லை அவர் காத்தார். சிறுவர்க்கு எழுதுவோரும் கற்பிப்போரும் அவரிடம் கற்க வேண்டியது இதுவே: குழந்தைக்கு நீதியைப் புகழ்ந்து கூறினால் மட்டும் போதாது, அதன் தீர்ப்புக்குத் தாமும் தலைவணங்க வேண்டும்.