பலிபீடத்தில் வைத்த மும்முடி

1964 நவம்பர் 13 அன்று, ரோமின் புனித பேதுரு பேராலயத்தில், பொதுச்சங்கத்துக்குக் கூடியிருந்த ஆயர்களின் கண்முன்னே திருத்தந்தை ஆறாம் பவுல் தம் மும்முடியைப் பலிபீடத்தின்மேல் வைத்தார். முந்தைய ஆண்டு முடிசூட்டுக்காக மிலான் மக்கள் அளித்த முடி அது. ஏழைகளுக்கான கொடை என்றார்கள். இன்றும் அதைத் தாழ்மை என்றே புகழ்கிறோம். அந்தப் புகழ் இடம் மாறி விழுகிறது என்பது என் எண்ணம்.

ஒரு முடியால் தீரும் வறுமை எங்குமில்லை. அந்த முடியும் இன்று வாஷிங்டன் தேசியத் திருத்தலத்தில் காட்சிக்குத்தான் இருக்கிறது. அதைக் கழற்றியதன் நியாயத்தை முடியின் இயல்பில் தேட வேண்டும். ஆயர்கள் தலையில் அணியும் மைட்டர் வழிபாட்டுக்குரியது. அதை அணிந்து ஆயர் அமர்வார், ஆசி வழங்குவார். இறைவனிடம் மன்றாடும்போது கழற்றிவிடுவார். யார் முன் தலை வெறுமையாக வேண்டும் என்பதை ஒவ்வொரு பூசையிலும் அது கற்பிக்கிறது. ரோமின் ஆயரான திருத்தந்தையும் அதையே அணிகிறார். மும்முடிக்கோ திருப்பலியில் இடமே இருந்ததில்லை. ஊர்வலத்தில் ஏறியது, பலி தொடங்குமுன் இறங்கியது. அதன் இரண்டாம் வளையம் 1300ஐ ஒட்டித் திருத்தந்தை எட்டாம் போனிபாஸ் காலத்தில் சேர்ந்தது. அவர் பிரெஞ்சு அரசரோடு மோதிய காலம் அது. நெப்போலியன் திருத்தந்தை ஏழாம் பயசுக்குக் கொடுத்த முடி ஏறத்தாழ 8 கிலோ! அது அரசியலின் எடை.

ஆகவே பவுல் அதைக் கழற்றியது சரி. தமக்கு மட்டுமே உரியதை விட்டு, எல்லா ஆயர்களுக்கும் பொதுவானதோடு நின்றார். எட்டு நாள் கழித்து, ஆயர் குழாமின் கூட்டுப் பொறுப்பைப் பேசும் ‘லூமென் ஜென்சியும்’ ஏட்டையும் வெளியிட்டார். ஆனால் இடையே, நவம்பர் 16 தேதியிட்டு, ஒரு விளக்கக் குறிப்பு சேர்ந்தது: குழாம் தன் தலைவரின்றி இயங்காது, தலைவர் தம் அதிகாரத்தை விரும்பியபோது செலுத்தலாம். இதை நான் போலித்தனம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதிகாரத்தில் இம்மியும் குறையவில்லை. 1975இல் அவரே வெளியிட்ட தேர்தல் விதிகளும் அடுத்த திருத்தந்தைக்கு முடிசூட்டச் சொல்லின.

அந்த விதி நடப்பில் இருக்கும்போதே, 1978இல் முதலாம் யோவான் பவுல் முடிசூட்டை மறுத்தார். இரண்டில் எது பெரிது என்றால் இதுவே என்பேன். பவுல் விட்டது ஒரு முடியை. இவர் விட்டது முடிசூட்டும் வழக்கத்தை. அதன்பின் எந்தத் திருத்தந்தைக்கும் முடிசூட்டு நடக்கவில்லை. 1996இன் தேர்தல் விதிகளில் அந்தச் சடங்கே இல்லை.