வரியும் மொய்யும் நல்கையும்: சேலம் – நாமக்கல் சமவெளிக் கூத்தை முன்வைத்துக் கலைக்கொடையின் எதிர்காலம்

ஆய்வுச்சுருக்கம்

கலைக்கு நிதி திரட்டுவது குறித்த இன்றைய உரையாடல் அறக்கட்டளை, பெருநிறுவனச் சமூகப் பொறுப்பு, இணையவழி நன்கொடை ஆகியவற்றைச் சுற்றியே அமைகிறது. சிற்றூர்களில் கூத்தைத் தாங்கிவரும் வரியும் மொய்யும் அவ்வுரையாடலில் நிதி என்னும் தகுதியைப் பெறுவதில்லை. மல்லசமுத்திரம் உள்ளிட்ட சேலம் – நாமக்கல் சமவெளியைக் களமாகக் கொள்ளும் இக்கட்டுரை, இவ்விருவகைப் பணங்களும் கலைக்குச் செய்வனவற்றையும் செய்ய மறுப்பனவற்றையும் ஒப்பிடுகிறது. ஊர்ப்பணம் மரபைக் காக்கிறது. நல்கைப்பணம் மரபைக் கேள்விக்கு உட்படுத்த இடமளிக்கிறது. இரண்டுமே கலைஞரைக் கொடுப்பவரின் இடத்தில் வைப்பதில்லை என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கூத்து, புரவலர், தலைக்கட்டு வரி, மொய், நல்கை, மகமை, கொங்கு வட்டாரம்

1. முன்னுரை

தமிழில் கலையைப் பேணுவோரைக் குறிக்கப் ‘புரவலர்’ என்னும் சொல்லும், பேணப்படுவோரைக் குறிக்க ‘நலிந்த கலைஞர்’ என்னும் தொடரும் வழங்குகின்றன. முன்னது விழா மேடைக்கு உரியது. பின்னது அரசு விண்ணப்பப் படிவத்திற்கு உரியது. இவ்விரு சொற்களுக்கும் இடையே கலைஞர் ஒரு தொழிலாளராக, ஒப்பந்தக்காரராக, ஊருக்குத் தேவையான ஒருவராக வாழும் நீண்ட காலப்பகுதி பெயரின்றிக் கிடக்கிறது. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் நலிந்த நிலையில் உள்ள கலைஞர்களுக்கு மாதந்தோறும் வழங்கும் நிதியுதவி தேவையானதே. எனினும் அது உடல் ஓய்ந்த பின்னரே கலைஞரைச் சென்றடைகிறது. ஆடும் காலத்தில் கலைஞரை ஆடவைக்கும் பணம் எது என்னும் வினாவிற்கு அத்திட்டத்தில் விடை இல்லை.

அவ்வினாவைக் கேட்பதற்கு நாமக்கல் மாவட்டம் பொருத்தமான களமாகும். 1997 சனவரி 1 அன்று சேலத்திலிருந்து பிரிந்த இம்மாவட்டம் சரக்குந்து, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி, கோழிப்பண்ணை, விசைத்தறி ஆகியவற்றால் பொருள் ஈட்டியது. மல்லசமுத்திரத்தில் திருச்செங்கோடு வேளாண் உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் பருத்தி ஏலம் நடைபெறுகிறது. பணம் இல்லாத நிலப்பகுதி அன்று இது. ஆகவே இங்குக் கூத்து தளர்ந்தால் அதற்கு வறுமையைக் காரணமாகக் காட்டிவிட முடியாது. பணம் செல்லும் வழிகளையே ஆராய வேண்டியுள்ளது.

2. ஓரியின் நாணம்

கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. அவனைப் பற்றி வன்பரணர் பாடிய இரண்டு பாடல்கள் புறநானூற்றில் (152, 153) இடம்பெற்றுள்ளன. இவை வள்ளன்மைக்குச் சான்றாகவே பெரிதும் எடுத்தாளப்படுகின்றன. கலைக்கொடை என்னும் நோக்கில் வாசிக்கும்போது இவை வேறு இரு செய்திகளைத் தருகின்றன.

152ஆம் பாடலில் ஓரி யாரென்று அறியாத இரவலர்க்குக் காட்டிலேயே ஊனும் தேனும் பொன்னும் கிடைக்கின்றன. அவர்கள் பாட்டின் முடிவில் அரசனைக் குறிக்கும் சொல் ஒலித்தபோது, அது தன் பெயராதலின் அவன் நாணுகிறான். கொடுத்தவன் தன் பெயரைக் கேட்கக் கூசுவது கொடையின் உச்சமாக இங்கு நிறுத்தப்படுகிறது. 153ஆம் பாடலிலோ ஓரியிடம் பரிசு பெற்ற கூத்தர் பசி நீங்கிய நிறைவில் ஆடலையும் பாடலையும் மறந்துவிடுகின்றனர். புகழ்ச்சியாகக் கூறப்பட்ட இக்கூற்று, நிறைவு வந்ததும் கலை நின்றுவிடுமாயின் அக்கொடை காத்தது கலையையா கலைஞரின் வயிற்றையா என்னும் ஐயத்தையும் எழுப்புகிறது. கலைஞர் பசியோடிருந்தால்தான் கலை வாழும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. ஒரே முறை பெருகிவரும் கொடை, ஆட்டத்தின் தொடர்ச்சிக்கு ஈடாகாது என்றே கொள்ளலாம். அக்கொடை ஓர் உயிரையே நம்பியிருந்தது என்பதும் கருதத்தக்கது. காரியின் கையில் ஓரி மாண்டான், கொல்லி கைமாறியது.

பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள் உள்ளன. அவற்றுள் மலைபடுகடாம் கூத்தராற்றுப்படை என்றும் பெயர்பெறும். பரிசு பெற்ற கூத்தன், பெறாத கூத்தனுக்கு வழியையும் வழியிடை இடர்களையும் புரவலனின் இயல்பையும் எடுத்துரைக்கும் வடிவம் அது. நிதி எங்குள்ளது என்னும் அறிவு கலைஞரிடமிருந்து கலைஞருக்குச் செல்கிறது. இன்று நல்கை அறிவிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வெளிவருகின்றன. திட்டவரைவு, வரவு செலவுத் திட்டம், காணொளி இணைப்பு ஆகியவற்றைக் கோருகின்றன. இதனால் ஆற்றுப்படுத்தும் பணி கூத்தர் கையை விட்டு இடைநிலையாளர் கைக்குச் சென்றுவிட்டது. கலைக்கொடையின் எதிர்காலம் பற்றிய எந்தத் திட்டமும் இவ்விழப்பைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

கொல்லிமலையில் ஆண்டுதோறும் ஆடி மாதம் அரசு சார்பில் வல்வில் ஓரி விழா நடைபெறுகிறது. கலை நிகழ்ச்சிகளும் இடம்பெறுகின்றன. கொடுத்தவனை நினைவுகூரும் விழாவில் பெறுவோர் நிகழ்ச்சி நிரலின் ஒரு வரியாக அமைகின்றனர். ஓரியின் நாணத்தைப் பாடிய மரபு, ஓரியின் பெயரைக் கொண்டாடும் மரபாக மாறியிருக்கிறது.

3. வரி: கொடையன்று, கடன்

சமவெளியின் ஊர்களில் கூத்துக்கான முதன்மைப் பணம் கோயில் நோன்பின் வழியே வருகிறது. ஊர்க்கூட்டத்தில் நாள் குறித்து, தலைக்கட்டு ஒன்றுக்கு இவ்வளவு என்று வரி வகுத்து, அதிலிருந்து பூசைக்கும் பந்தலுக்கும் கூத்துக்கும் செலவிடுவர். குழுவுக்கு வெற்றிலை பாக்குடன் முன்பணம் கொடுத்து ஆட்டம் பேசி முடிப்பர். நோன்பு முடிந்ததும் வரவு செலவு ஊரின் முன் வைக்கப்படும். இதைக் கொடை என்று எவரும் அழைப்பதில்லை. வரி என்றே அழைக்கின்றனர். கொடுப்பவர் அருள்வதில்லை, தம் கடனைச் செலுத்துகிறார். பெறுபவரும் இரப்பதில்லை, பேசிய கூலியைப் பெறுகிறார்.

கொடை என்பது கொடுத்தல், பெறுதல், திருப்பியளித்தல் ஆகிய மூன்று கட்டாயங்களால் ஆனது என்று மார்செல் மாஸ் தம் 1925ஆம் ஆண்டுக் கட்டுரையில் நிறுவினார். தென்னிந்தியக் கோயிலில் கொடை மரியாதையாகத் திரும்புகிறது என்று அர்ஜுன் அப்பாதுரையும் கரோல் பிரெக்கன்ரிட்ஜும் 1976இல் காட்டினர். கூத்தின் இடையே வழங்கப்படும் மொய் இதற்கு நேரடிச் சான்றாகும். பார்வையாளர் பணம் தர, கோமாளி ஆட்டத்தை நிறுத்தி அவர் பெயரையும் ஊரையும் உரக்கக் கூறி வாழ்த்துகிறான். பெயர் அங்கேயே, ஊரறியத் திரும்பக் கிடைக்கிறது. ஓரி நாணிய இடத்தில் மொய் வைப்பவர் நிமிர்ந்து நிற்கிறார்.

இவ்வமைப்பைப் புகழ்ந்து நிறுத்திவிட முடியாது. வரி செலுத்துவது ஊரின் உறுப்பினராதலுக்கு அடையாளம். ஆகவேதான் தமிழகத்தின் பல ஊர்களில் தலித் குடும்பங்களிடம் கோயில் வரி வாங்க மறுப்பது விலக்கலின் வடிவமாகவும், வரி கொடுக்கும் உரிமையைக் கோருவது போராட்டமாகவும் இருந்துவருகின்றன. கலைக்கொடை ஆய்வுகள் பெறும் உரிமையைப் பற்றியே பேசுகின்றன. கொடுக்கும் உரிமையும் மறுக்கப்படக்கூடியது என்பதை இவ்வூர்கள் உணர்த்துகின்றன. மேலும், ஊரின் விருப்பம் மாறினால் வரியின் செலவினமும் மாறும். கூத்துக்குரிய இரவை ஆர்க்கெஸ்ட்ராவோ ஆடல் பாடல் நிகழ்ச்சியோ பெறும்போது வரி குறைவதில்லை. கூத்தர் மட்டுமே அதிலிருந்து விலக்கப்படுகின்றனர்.

4. சட்டத்தின் சல்லடை

2013ஆம் ஆண்டு நிறுமங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1000 கோடி ரூபாய், நிகர இலாபம் 5 கோடி ரூபாய் ஆகிய மூன்றனுள் ஒன்றை எட்டிய நிறுமம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஏழாம் அட்டவணையில் மரபுக்கலைகளின் மேம்பாடும் இடம்பெறுகிறது. தான் இயங்கும் வட்டாரத்திற்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது.

இவ்வேற்பாடு நாமக்கல் சமவெளிக்கு எவ்வளவு பயன்படும் என்பதை அவ்வட்டாரத் தொழில்களின் அமைப்பே தீர்மானிக்கிறது. சரக்குந்து, ரிக், தறி, பண்ணை ஆகியவற்றுள் பெரும்பகுதி தனியுடைமையாக, கூட்டாண்மையாக, குடும்பத் தொழிலாக நடைபெறுவது. 135ஆம் பிரிவோ நிறுமங்களுக்கு மட்டுமே உரியது. செல்வம் இருக்கும் இடம் சட்டத்திற்கு வெளியே உள்ளது. நிறுமத்தின் பணம் வந்தாலும் அதைப் பெறுவதற்கு அறக்கட்டளை அல்லது சங்கப் பதிவு, 12ஏ, 80ஜி அங்கீகாரம், மூன்றாண்டுப் பணி வரலாறு ஆகியவற்றோடு 2021 முதல் சிஎஸ்ஆர்-1 பதிவும் தேவைப்படுகின்றன. கூத்துக் குழு வாத்தியாரின் பெயராலும் சொல்லின் நம்பகத்தாலும் இயங்குவது. நூறு ஊர்களில் ஆடிய குழுவுக்கும் தாளில் பணி வரலாறு இருப்பதில்லை.

அயல்நாட்டுத் தமிழர் நன்கொடை நேரடியாகச் சிறு குழுக்களைச் சேரும் வழியும் குறுகியுள்ளது. அயல்நாட்டு நன்கொடை ஒழுங்காற்றுச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம், பதிவுபெற்ற அமைப்பு ஒன்று தான் பெற்ற பணத்தை வேறோர் அமைப்பிற்கு மாற்றித் தருவதைத் தடைசெய்தது. நிர்வாகச் செலவின் வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. புலம்பெயர் தமிழரிடம் ஈகை குன்றவில்லை என்பதற்கு ஹார்வர்டு தமிழ் இருக்கை சான்று. 60 இலட்சம் டாலர் இலக்கு 2018இல் நிறைவெய்தியது. தமிழக அரசும் 10 கோடி ரூபாய் வழங்கியது. இருக்கை நிலைத்து நிற்கும். அதில் பெயர் நிலைக்கும். விடியலில் முடிந்துவிடும் கூத்தில் பெயரைப் பொறிக்க இடமில்லை. நன்கொடையின் அளவைக் கலையின் மதிப்பு மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது.

5. நல்கை செய்த பணி

ஊர்ப்பணம் செய்யாததை நல்கைப்பணம் செய்ததற்கு இரு சான்றுகள் போதும். காஞ்சிபுரம் அருகே பெ. இராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் முன்னின்று வளர்த்த கட்டைக்கூத்துச் சங்கம் 1990இல் தோன்றியது. அதன் குருகுலம் 2002 முதல் 2020 வரை கூத்துப் பயிற்சியையும் பள்ளிக் கல்வியையும் இணைத்து நடத்தியது. பெண் குழந்தைகளையும் அரங்கேற்றியது. ஆண்களே பெண் வேடமிடும் மரபை வரியால் தாங்கும் ஊர், அம்மரபை மாற்றுவதற்குத் தானாக வரி வகுக்காது. வெளியிலிருந்து வந்த பணமே அதற்கு வழி திறந்தது.

இரண்டாவது சான்று திருச்செங்கோட்டைச் சார்ந்தது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010), பெங்களூரிலுள்ள இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் வழங்கிய நல்கையால் நிகழ்ந்த களஆய்வின் பயன். திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவைப் பின்னணியாகக் கொண்ட அந்நாவலுக்கு 2014 திசம்பரில் எதிர்ப்பு மூண்டது. எழுத்தாளர் எழுதுவதையே நிறுத்துவதாக அறிவிக்க நேர்ந்தது. 2016 சூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஊரின் நினைவை ஊருக்கு எதிராக வாசிக்க நல்கை இடமளித்தது. எதிர்ப்பு வந்தபோது அவரை ஊருக்குள் காக்கும் உறவு எதுவும் அந்நல்கையிடம் இல்லை, நீதிமன்றமே காத்தது. வெளிப்பணத்தின் ஆற்றலும் எல்லையும் இவ்வொரு நிகழ்விலேயே வெளிப்படுகின்றன.

இவ்விரண்டிற்கும் நடுவே சேலம் மாவட்டம் ஏர்வாடியில் மு. ஹரிகிருஷ்ணன் நடத்தும் களரி தொல்கலைகள் மற்றும் கலைஞர்கள் மேம்பாட்டு மையம் அமைகிறது. ‘மணல்வீடு’ சிற்றிதழின் வாசகர் வட்டத்தையும் கூத்தர்களையும் ஒரே மேடையில் சந்திக்கவைப்பது அதன் தனித்தன்மை. இலக்கிய வாசகர் கூத்தின் புதிய தலைக்கட்டாகின்றனர். ஆயினும் ஒருவரின் அயரா உழைப்பை நம்பும் அமைப்பு, ஓரியின் கொல்லியைப் போன்றே ஓர் உயிரைச் சார்ந்தது என்னும் கவலையை அது நீக்கிவிடவில்லை.

6. மகமை: ஒரு மறுவாசிப்பு

தமிழ் வணிகச் சமூகங்கள் விற்கும் ஒவ்வொரு பொதிக்கும் சிறுதொகை ஒதுக்கிப் பொதுநிதி சேர்த்தன. மகமை எனப்பட்ட இம்முறையில் நாடார் சமூகத்தினர் விருதுநகரில் 1889இல் சத்திரிய வித்தியாசாலையை நிறுவினர். மகமையின் சிறப்பு மூன்று: அது சிறிது; அது தொடர்ச்சியானது; கொடுப்பவரின் மனநிலையைச் சாராமல் பரிமாற்றத்தைச் சார்ந்தது. 153ஆம் பாடலின் பெருங்கொடைக்கு நேர்மாறான வடிவம் இது.

மல்லசமுத்திரத்துப் பருத்தி ஏலம் போன்ற இடங்களில் விற்பவரும் வாங்குபவரும் ஒப்பி மூட்டைக்கு ஒரு சிறுதொகையைக் கலைக்கென ஒதுக்குவது நடைமுறைக்கு ஒவ்வாத கற்பனை அன்று. அங்கு எடையும் விலையும் கணக்கும் முன்னரே உள்ளன. சாதிக்குள் அடங்கியிருந்த மகமையைத் தொழிலுக்கும் ஊருக்கும் உரியதாக விரிப்பதே இதிலுள்ள சவால். கூட்டுறவு அமைப்பில் உறுப்பினர் என்பதே தகுதியாதலால், வரி வாங்க மறுக்கப்பட்ட குடும்பமும் இங்குக் கொடுப்பவராக முடியும்.

அந்நிதியை ஆள்வது யார் என்பதே முடிவான வினா. ஆட்டம் இல்லாத மாதங்களுக்கான முன்பணம், ஆடை அணிகலன் செப்பம், விபத்து, பயிற்சி ஆகியவற்றுக்கு எவ்வளவு என்பதைக் கூத்தர்களே பெரும்பான்மையாக அமைந்த குழு தீர்மானிக்க வேண்டும். தம் ஆட்டக்கூலியின் ஒரு சிறுபகுதியை அவர்களும் அதில் இட வேண்டும். 2020இல் ஊரடங்கு நோன்புக் காலத்தை விழுங்கியபோது கூத்தர்க்கு இல்லாதிருந்தது இத்தகைய தம் சொந்தச் சேமிப்பே.

7. முடிவுரை

சிற்றூரில் கொடுத்தல் என்பதே வரி. வருமான வரிச் சட்டத்திலோ கொடுத்தல் வரியிலிருந்து விலக்குப் பெறும் வழி. புதிய வருமான வரி முறையைத் தேர்ந்தோர்க்கு 80ஜி கழிவு கிடையாது. அவ்விலக்கை நம்பிய கொடை தளரும். கடனாகக் கருதிய கொடை தொடரும். மரபைக் காக்க ஊர்ப்பணமும், மரபை வினவ நல்கைப்பணமும், இரண்டும் வராத மாதங்களைக் கடக்கக் கூத்தரின் பொதுநிதியும் தேவை. இவற்றுள் மூன்றாவது பற்றிய ஆய்வுகள் தமிழில் பெருக வேண்டும். குழுக்களின் முன்பணக் கணக்கு, ஊர்களின் நோன்பு வரவு செலவு நோட்டு, மொய் அறிவிப்பின் ஒலிப்பதிவு ஆகியவை கூத்தின் பனுவல்களுக்கு இணையான ஆய்வு மூலங்களாகும். அவை தொகுக்கப்படும்போது, ‘நலிந்த கலைஞர்’ என்னும் தொடர் மறைத்துவைத்த உழைப்பின் விலை வெளிப்படும்.