வழக்குத் தொடுப்பவர் யார்?
சட்ட ஆட்சியும் சட்டமா அதிபர் திணைக்களமும்

மன்னாரிற் குடியியல் வகுப்பொன்றில், நீதித்துறையின் சுதந்திரம் பற்றிப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். 2012ஆம் ஆண்டில் எமது ஊர் நீதிமன்றத்தின்மீது கல்லெறியப்பட்ட நிகழ்ச்சியை உதாரணமாகக் காட்டினேன். அப்போது மாணவனொருவன் எழுந்து, “ஐயா, தீர்ப்புச் சொல்பவர் நீதவான். ஆனால், பெரிய மனிதர் ஒருவர் குற்றஞ் செய்தால் அவர்மீது வழக்கு வைப்பவர் யார்?” என்று வினவினான். பொலிசார் விசாரிப்பர் என்றும், பாரதூரமான குற்றமாயின் சட்டமா அதிபர் வழக்குத் தொடுப்பார் என்றும் விடை கூறினேன். “அவரை நியமிப்பவர் யார்?” என்பது அவனுடைய அடுத்த வினா. அவ்விரு வினாக்களின் பயனே இக்கட்டுரை.

நீதி என்றவுடன் நம்மவர் நினைவில் எழுவது ஆராய்ச்சி மணி. கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தண்டித்த சோழனின் வரலாற்றைப் பெரியபுராணம் திருவாரூரில் வைத்துக் கூறும். மகாவமிசம் அதனையொத்த கதையை அனுராதபுரத்து எல்லாளன்மேல் வைத்துக் கூறும். கதை உயர்ந்தது; ஐயமில்லை. ஆயின், அரசியல் அறிவோடு நோக்குமிடத்து அதில் ஒரு குறைபாடு புலனாகும். முறைப்பாட்டைக் கேட்டவன் அரசன், குற்றத்தை ஆராய்ந்தவன் அரசன், தீர்ப்பளித்தவனும் அரசனே. அவன் அறவோனாயிருந்தமையால் நீதி பிழைத்தது. அவன் அறவோன் அல்லனாயின், மணி தொங்கியிருந்தும் பயனென்ன? ஆள்வோனுடைய நற்குணத்தை மட்டும் நம்பியிராது, குணமில்லாதவன் ஆண்டாலும் நீதி நிலைபெறுமாறு அதிகாரங்களைப் பிரித்துவைப்பதே சட்ட ஆட்சியின் உட்கிடை.

நம் நாடு இவ்வுண்மையை நீதிபதிகளைப் பொறுத்தவரையில் ஒருகாலத்தில் நன்குணர்ந்திருந்தது. 1962 ஜனவரியில் அரசாங்கத்தைக் கவிழ்க்கச் சதிசெய்தனர் எனப் படை, பொலிஸ் அதிகாரிகள் சிலர்மீது குற்றஞ் சாட்டப்பட்டது. அவர்களை விசாரிப்பதற்கெனவே அவ்வாண்டில் தனிச் சட்டமொன்று இயற்றப்பட்டது. யூரர்களின்றி விசாரிக்கும் மூன்று நீதிபதிகளையும் நீதி அமைச்சரே பெயர்குறித்து நியமிக்கலாம் என்றது அச்சட்டம். அங்ஙனம் நியமனம் பெற்ற ரி. எஸ். பெர்னாந்து, எல். பி. டி சில்வா, பி. ஸ்ரீஸ்கந்தராஜா ஆகிய மூவருமே, அமைச்சருக்கு அவ்வதிகாரம் இல்லையெனத் தீர்த்துத் தம் நியமனத்தைத் தாமே செல்லாததாக்கினர். நீதி செய்யப்படுவது மட்டும் போதாது, அது செய்யப்படுவது யாவர்க்கும் தோன்றவும் வேண்டும் என்ற கோட்பாட்டையும் அவர்கள் வலியுறுத்தினர். அமர்த்தியவனையே மறுத்து எழுந்த இத்தீர்ப்பு எம் சட்ட வரலாற்றில் ஒரு மணிமுடி. பின்னர் வேறு நீதிபதிகள் முன்னிலையில் வழக்கு நடந்து பதினொருவர் தண்டனை பெற்றனர். 1965 டிசம்பரில் பிரிவிக் கவுன்சில் அத்தண்டனைகளையும் தள்ளிற்று. குறித்த சிலரைத் தண்டிப்பதற்கென்றே சட்டமியற்றுதல் நீதித்துறையின் அதிகாரத்தைச் சட்டமன்றம் கவர்வதாகும் என்பது அத்தீர்ப்பின் சாரம். அதற்கு முந்திய ஆண்டிலும், நீதிச்சேவை ஆணைக்குழுவைப் புறக்கணித்து நியமிக்கப்பட்ட இலஞ்ச விசாரணை மன்றத்தின் தீர்ப்பை அக்கவுன்சில் செல்லாதெனக் கண்டிருந்தது.

இவ்வரண் நெடுநாள் நிலைக்கவில்லை. 1972ஆம் ஆண்டின் யாப்பு நீதிச்சேவை ஆணைக்குழுவை அகற்றி, கீழ்நிலை நீதிபதிகளின் நியமனத்தை அமைச்சரவையிடம் ஒப்படைத்தது. 1978ஆம் ஆண்டின் யாப்பு ஆணைக்குழுவை மீட்டது. எனினும், எழுத்தில் மீண்டது நடைமுறையில் எவ்வளவு மீண்டது என்பதற்கு மன்னாரே சான்றாயிற்று. மீன்பிடி இறங்குதுறையொன்று தொடர்பாக இரு சாராருக்கிடையே எழுந்த பிணக்கில் மன்னார் நீதவான் கட்டளைகள் பிறப்பித்திருந்தார். அமைச்சரொருவர் தொலைபேசியில் அவரை அச்சுறுத்தினார் என முறைப்பாடு எழுந்தது; அமைச்சர் அதனை மறுத்தார். 2012 ஜூலை 18ஆம் நாள் கூட்டமொன்று நீதிமன்றத்தின்மீது கல்லெறிந்தது. நாடெங்குஞ் சட்டத்தரணிகள் பணியிலிருந்து விலகி நின்று கண்டனந் தெரிவித்தனர். ஆறு திங்கள் கழியுமுன், 2013 ஜனவரியில், பிரதம நீதியரசரே பாராளுமன்றத் தீர்மானத்தாற் பதவி நீக்கப்பட்டார். விசாரணை நடத்திய பாராளுமன்றத் தெரிவுக்குழுவுக்கு அத்தகைய அதிகாரமில்லை என நீதிமன்றங்கள் முன்னரே கூறியிருந்தும் வாக்கெடுப்பு நடந்தது. 2014இல் உயர் நீதிமன்றம் வேறு நிலைப்பாட்டை மேற்கொண்டது. 2015 ஜனவரியில் அந்நீக்கம் செல்லாதெனக் கொள்ளப்பட்டு, அவர் மீண்டும் பதவியேற்று மறுநாளே ஓய்வுபெற்றார். கரையோர ஊரின் நீதவானுக்குக் கிட்டாத பாதுகாப்புத் தலைநகரின் தலைமை நீதிபதிக்கும் கிட்டவில்லை.

இதுகாறுங் கூறியவை தீர்ப்பளிப்போரைப் பற்றியவை. இவற்றிற்காவது ஒரு போராட்ட வரலாறு உண்டு. வழக்குத் தொடுப்போர் நிலையோ அத்துணைக் கவனம் பெறவில்லை. சட்டமா அதிபர் அரசாங்கத்தின் சட்ட ஆலோசகர். அரசுக்கெதிரான வழக்குகளில் அதன் பக்கம் நின்று வாதிடுபவர். மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரம் தாக்கல் செய்பவரும், வேண்டின் அதனை மீளப் பெறுபவரும் அவரே. கட்சிக்காரனுக்கு ஆலோசனை கூறும் வழக்கறிஞன், அக்கட்சிக்காரன் குற்றஞ் செய்தபோது அவன்மேல் வழக்குத் தொடுக்கவும் வேண்டுமெனின், எவ்வளவு நேர்மையாளனாயினும் அவன் நிலை இடருடையதே. 2010இல் இத்திணைக்களம் நீதி அமைச்சிலிருந்து எடுக்கப்பட்டு நேரே ஜனாதிபதியின் கீழ் வைக்கப்பட்டிருந்தமையும் ஈண்டு நினைவுகூரற்பாலது.

இவ்விடரின் பொருளை எம் மண்ணிலேயே காணலாம். 2013 டிசம்பரில், திருக்கேதீச்சரத்துக்கு அண்மையில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டிய குழியில் மனித எலும்புகள் வெளிப்பட்டன. எண்பதுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் அங்கு மீட்கப்பட்டன. 2018இல் மன்னார் நகரிற் சதொச கட்டட வளவில் தொடங்கிய அகழ்வில், சிறுவர் உட்பட முந்நூற்றுக்கு மேற்பட்டோரின் எச்சங்கள் கிடைத்தன. இரண்டும் நீதவானின் கட்டளைப்படி அகழப்பட்டவை. சதொச வளவின் எலும்பு மாதிரிகள் அமெரிக்காவிற் காபன் கணிப்புக்குட்பட்டன. அவை பல நூற்றாண்டுப் பழமையுடையன என 2019இல் முடிவு வந்தது. உறவுகளைத் தேடும் தாய்மார் பலர் அம்முடிவை ஏற்றாரல்லர். விஞ்ஞானத்தை மறுக்கும் அறியாமை என்று அதனை ஒதுக்குதல் எளிது. யான் அம்முடிவை மறுப்பதற்கு ஆதாரம் காணேன். ஆயின், அவர்களுடைய ஐயத்தின் வேர் ஆய்வுகூடத்தில் இல்லை. காணாமற்போன மகனுக்காக ஆட்கொணர்வு மனுச் செய்த தாய்க்கு எதிராக அரச தரப்பில் எழுந்து நின்றதும் அதே திணைக்களம். புதைகுழிக்குப் பொறுப்பானோர் உளரெனின் அவர்மீது குற்றஞ் சாட்ட வேண்டியதும் அதே திணைக்களம். இருபக்கமும் ஒருவரே நிற்குமிடத்து, மெய்ம்மையும் நம்பிக்கை பெறாதொழியும். இதுவே பெருங்கேடு.

சட்டமா அதிபரின் பதவி மரபினாலேயே சுதந்திரமுடையது என்பர் ஒருசாரார். 2002ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி அவரை எளிதில் நீக்கவியலாது. 2022ஆம் ஆண்டின் 21ஆம் திருத்தப்படி அவர் நியமனத்துக்கு அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரமும் வேண்டும். இவை மெய்யே, திணைக்களத்தில் அச்சமின்றிக் கடமை செய்தோர் இருந்தமையும் மெய்யே. ஆனால், அவர் பதவி காக்கப்பட்டதேயன்றி, அவர் கடமைகளின் முரண் களையப்படவில்லை. கனடா 2006இலும், கென்யா 2010ஆம் ஆண்டின் யாப்பினாலும் குற்ற வழக்குத் தொடுக்கும் பணியைத் தனிப் பணிப்பாளரிடம் ஒப்படைத்தன. நம் நாட்டிலும் 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அத்தகைய பதவியொன்று தோன்றிச் சில ஆண்டுகளில் மறைந்தது. ஆதலின் பதவியைப் படைத்தல் மட்டும் போதாது. நியமனம், பதவிக்காலம், நிதி மூன்றும் அமைச்சரின் கைக்கு எட்டாதிருத்தல் வேண்டும். வழக்குத் தொடாதுவிட்டதற்குக் காரணத்தை எழுத்திற் கூறும் கடப்பாடும் வேண்டும்.

1962இல் மூன்று நீதிபதிகள், தம்மை அமர்த்திய கையை நோக்கி “இது முறையன்று” என்றனர். அவ்வாறு கூறும் உரிமை தீர்ப்பளிப்போர்க்கு மட்டுமன்றிக் குற்றஞ் சாட்டுவோர்க்கும் உறுதியாகும் நாளிலேயே அம்மாணவனின் வினாவுக்கு நேரிய விடை கூறவியலும். அதுவரை, அவன் விடைத்தாளில் எழுதவேண்டியதைச் சொல்லிக்கொடுத்தேனேயன்றி, அவன் கேட்டதற்கு விடை கூறினேன் எனச் சொல்லேன்.